பூங்காவும் நம் உண்டியலும்



நுவரெலியா விக்டோரியா பூங்கா 1897இல், மகாராணி ஆட்சியின் 60ஆம் ஆண்டு நினைவாக எழுந்தது. நம் முன்னோரைப் போலவே இந்தியாவிலிருந்து கடல் கடந்து, ஆறுமணிக்குருவி ஆண்டுதோறும் அங்கே வருகிறது. குருவிக்கு நுழைவுச் சீட்டு இல்லை. தோட்டத்துக் குடும்பத்துக்கு உண்டு!

அதைப் புதுப்பிக்க நம்மவரிடம் நிதி கேட்கலாமா? கேட்கலாம். 1970களில் சீரழிந்து கிடந்த நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவை, 1980இல் நகரத்தார் அமைத்த அறக்குழு நன்கொடை திரட்டி மீட்டது. நுழைவு இன்றும் இலவசம். நமக்கும் இது புதிதன்று. தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள் பல, சம்பளத்தில் பிடித்த பணத்தால் நடந்தவையே. கொடுத்தவன் கணக்குக் கேட்பான், கேட்கவும் வேண்டும்.

ஆகவே, மாநகர சபை வரவுசெலவைப் பூங்கா வாசலில் எழுதி வைக்கட்டும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைச் சீட்டின்றி விடட்டும். இரண்டுக்கும் இணங்கினால், உண்டியலோடு லயம் லயமாகச் செல்ல நான் ஆயத்தம்.