கியூ-ஸ்கூல்: ஒரு ஸ்ட்ரோக்கில் போகும் ஒரு வருஷம்

(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு ஞாயிறு மாலை பதிவான எபிசோட். பேச்சு நடையை மாற்றவில்லை. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

பின்னாடி கேக்குற இரைச்சல் காத்தும் அலையும்தான், உங்க இயர்போன்ல கோளாறு இல்ல. எலியட்ஸ் பீச்ல ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தாண்டி வடக்கே நடந்தா வர்ற குப்பத்துல உக்காந்திருக்கோம். எதிர்ல ஒரு இருபது பேர். பாதிப் பேர் ரெகுலரா கேக்குறவங்க. மீதிப் பேர் இங்கேயே இருக்கறவங்க, வலை பின்னிக்கிட்டே கேக்குறாங்க. இன்னைக்கு டாபிக் கோல்ஃப். (சிரிப்பு.) சிரிங்க, பரவாயில்ல. நம்மள்ல நிறைய பேருக்கு கோல்ஃப்னா அண்ணா சாலையில பஸ்ல போறப்ப நந்தனத்துல ஒரு சுவருக்குப் பின்னாடி தெரியற பச்சைதான். நான் பேசப்போறது பணக்காரங்க பொழுதுபோக்கைப் பத்தி இல்ல. அந்த ஆட்டத்தையே வேலையா வச்சிருக்கறவங்க அந்த வேலைக்குள்ள எப்படி நுழையறாங்க, அதுதான்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். 18 குழி. ஒவ்வொண்ணுலயும் பந்தை எத்தனை ஸ்ட்ரோக்ல உள்ள தள்றோம்னு எண்ணணும். மொத்தம் யாருக்குக் கம்மியோ அவர் ஜெயிச்சார். ஒரு போட்டி வழக்கமா நாலு நாள். ரெண்டு நாள் முடிஞ்சதும் பாதிக்கு மேல ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இதுக்குப் பேர் கட். கட்ல போனா பரிசுப் பணம் கிடையாது. ஃபிளைட், ரூம், சாப்பாடு, பையைத் தூக்குற கேடிக்குச் சம்பளம், எல்லாம் நம்ம செலவு. கேடின்னா போலீஸ் ஸ்டேஷன் சுவர்ல போட்டோ ஒட்டற கேடி இல்ல. வீரர் கூடவே நடந்து பையைச் சுமந்து, தூரமும் காத்தும் பார்த்துச் சொல்ற ஆள்.

ஐபிஎல்ல ஒரு டீம் உங்களை ஏலத்துல எடுத்துட்டா, பெஞ்ச்ல உக்காந்தாலும் பணம் வரும். கோல்ஃப்ல டீம் இல்ல, ஏலம் இல்ல. இருக்கறது 'டூர்'. வருஷம் முழுக்க வாரா வாரம் ஒரு ஊர்ல போட்டி. அதுல ஆட உரிமை வேணும், அந்த உரிமைக்குப் பேர் கார்டு. அதை வாங்க பல வழி இருக்கு. அதுல ரொம்பப் பழசும் ரொம்பக் கொடூரமானதும் கியூ-ஸ்கூல், அதாவது தகுதிச் சுற்று. பேர்ல மட்டும்தான் ஸ்கூல். வாத்தியார் கிடையாது, பாடம் கிடையாது, நேரா பரீட்சைதான்.

அமெரிக்காவோட பிஜிஏ டூர் இதை 1965-ல ஆரம்பிச்சது. பல வருஷம் இறுதிச் சுற்று ஆறு நாள், 108 குழி. அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு கட்டம் தாண்டி வந்திருக்கணும். ஐரோப்பிய டூர்லயும் இறுதிச் சுற்று ஆறு ரவுண்ட்தான். நம்ம நாட்டு டூர் பிஜிடிஐ, 2006-ல தொடங்கினது. இப்போ அதுக்குத் தலைவர் யார் தெரியுமா? கபில் தேவ். அவங்களும் வருஷா வருஷம் கியூ-ஸ்கூல் நடத்தறாங்க.

1983-க்கு முன்னாடி இதைவிட மோசம். கியூ-ஸ்கூல் பாஸ் பண்ணாலும் வாரப் போட்டியில இடம் உறுதி கிடையாது. முந்தின வருஷப் பணப் பட்டியல்ல மேல இருந்தவங்களைத் தவிர மத்தவங்கள்ல நிறைய பேர் திங்கட்கிழமைகள்ல தனியா ஒரு தகுதிப் போட்டி ஆடணும். அதுல ஜெயிச்சா அந்த வாரம் ஆடலாம். இல்லன்னா காரை எடுத்துக்கிட்டு அடுத்த ஊர், அடுத்த திங்கள். இப்படித் தாவிக்கிட்டே இருந்தவங்களை அங்க 'முயல்'னு கூப்பிட்டாங்க.

ஒரே ஒரு ஸ்ட்ரோக்னா என்னன்னு புரிய ஒரு கதை. 2000-ம் வருஷ கியூ-ஸ்கூல், கலிஃபோர்னியாவுல பிஜிஏ வெஸ்ட் மைதானம். ஜோ டேலின்னு ஒருத்தர், நாற்பதைத் தொட்டுட்டார். நாலாவது ரவுண்ட், 17-வது குழி. பக்கத்துலயே இருக்கற பந்து, கண்ணை மூடிக்கிட்டு உள்ள தள்ற தூரம். தள்ளினார். பந்து குழிக்குள்ள இறங்குச்சு, அப்புறம் எகிறி வெளியே வந்துடுச்சு. குழிக்குள்ள பதிச்சிருந்த கிண்ணம் சரியா உக்காரல. விதிப்படி பந்து உள்ளே தங்கலன்னா அது உள்ளே போனதாவே அர்த்தம் இல்ல. இன்னொரு ஸ்ட்ரோக் சேர்ந்துச்சு. ஆறு ரவுண்டும் முடிஞ்சு கணக்குப் பார்த்தா, கார்டு போனது சரியா ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல. மைதானத்தைப் பராமரிக்கற யாரோ கிண்ணத்தைக் கொஞ்சம் சாய்வா வச்சதுக்கு ஒருத்தரோட அடுத்த வருஷ வேலையே போச்சு. (டேலி மூத்தோர் டூர்ல 2012-ல ஒரு பெரிய பட்டம் ஜெயிச்சார். அது வேற கதை.)

நம்மாளுங்களும் இந்த வாசல் வழியாத்தான் போயிருக்காங்க. மில்கா சிங் மகன் ஜீவ் மில்கா சிங் 1997-ல ஐரோப்பிய கியூ-ஸ்கூல் தாண்டி, அந்த டூர்ல சேர்ந்த முதல் இந்தியர் ஆனார். அர்ஜுன் அத்வால், அசன்சோல்ல பிறந்து கல்கத்தாவுல ஆட்டம் கத்துக்கிட்டவர். 2003 கியூ-ஸ்கூல்ல பிஜிஏ டூர் கார்டு வாங்கின முதல் இந்தியர். பெங்களூரு அதிதி அசோக் 2015 டிசம்பர்ல, 17 வயசுல, மொராக்கோவுல நடந்த ஐரோப்பியப் பெண்கள் டூரோட தகுதிச் சுற்றுல முதல் இடமே எடுத்தாங்க. அந்தச் சுற்றை ஜெயிச்சவங்கள்லயே சின்ன வயசு அவங்கதான், முதல் இந்தியரும் அவங்கதான். டோக்கியோ ஒலிம்பிக்ல விடியக்காலைல எழுந்து நாம எல்லாம் கோல்ஃப் பார்த்தோமே, நாலாவதா வந்தாங்களே, அவங்களேதான். அங்கயும் பதக்கம் போனது ஒரு ஸ்ட்ரோக்ல.

இந்த இடத்துல முன்னாடி உக்காந்திருந்த ஒரு அண்ணன் குறுக்கே கேட்டார். ஆடியோல சரியா விழல, அதனால எழுத்துல போடறேன்: "தம்பி, ஜெயிச்சவன் கதை சரி. பாடு இல்லன்னா டீசல் காசு யாரு தர்றது?"

நான் நோட்ஸ்ல நாலு பக்கம் எழுதி வச்சிருந்ததை அண்ணன் ஒரு வரியில கேட்டுட்டார். கியூ-ஸ்கூலுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அமெரிக்காவுல அது சில ஆயிரம் டாலர், நம்ம பணத்துல சில லட்சம். அது வெறும் கட்டணம். மத்த செலவு தனி, அதுக்கு முன்னாடி பல வருஷப் பயிற்சிச் செலவு அதைவிடத் தனி. தோத்தா யாரும் தர மாட்டாங்க அண்ணா. ஃபைபர் போட் எடுத்துக்கிட்டுப் போய் வெறும் வலையோட திரும்பற மாதிரிதான். பங்கு பிரிக்கறதுகூட ஒத்துப்போகுது. இங்க மீன் வித்த காசுல செலவைக் கழிச்சுட்டு படகுக்கு, வலைக்கு, போனவங்களுக்குன்னு பிரிப்பீங்க. அங்க கேடிக்கு வாரச் சம்பளம் போக, கட் தாண்டினா பரிசுல சுமாரா 5 சதவீதம், முதல் பத்துக்குள்ள வந்தா 7, ஜெயிச்சா 10. எழுதி வச்ச சட்டம் இல்ல, வழக்கம்.

வித்தியாசம் என்னன்னா, இங்க கடல் எல்லாருக்கும் பொது. கோல்ஃப்ல கடலுக்கே கேட் போட்டு வாட்ச்மேன் நிக்கறார். கிளப் உறுப்பினர் இல்லாதவங்க பழகவே இடம் இல்லாத ஊர்கள்தான் நம்ம நாட்டுல அதிகம். அந்த கேட்டைத் தாண்டி ஏழை வீட்டுப் பையன் உள்ள போக இருந்த ஒரே வழி, பை தூக்கறது. இந்தியன் ஓபனை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், 1991-ல. அவர் டெல்லியில கேடியா இருந்தவர். 2009-ல அதே பட்டத்தை ஜெயிச்ச சி. முனியப்பா, பெங்களூரு கேஜிஏ மைதானத்துல கேடியா இருந்தவர். அன்னைக்கு டை ஆகி, கொரியாவோட லீ சுங்கை பிளேஆஃப்ல முனியப்பா தோற்கடிச்சார். மத்தவங்களோட பையைத் தூக்கிக்கிட்டு நடந்த மனுஷன், ஒரே வாரத்துல ஆசிய டூர்ல ஆடற உரிமையை வாங்கிட்டார்.

இப்போ நான் சண்டை போட வேண்டிய விஷயத்துக்கு வர்றேன். 2012 கியூ-ஸ்கூலோட பிஜிஏ டூர் அந்த நேரடி வாசலை மூடுச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து கியூ-ஸ்கூல் பாஸ் பண்ணா இரண்டாம் நிலை டூர் மட்டும்தான். அங்க ஒரு சீசன் முழுக்க நல்லா ஆடினா மேல வரலாம். காரணம் நியாயமாத்தான் இருக்கு: ஒரு வாரம் நல்லா ஆடறவன் நல்ல வீரன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒரு வருஷத்து ஸ்கோரைப் பார்த்தா இன்னும் சரியாத் தெரியும். நான் நாள் முழுக்க டேட்டாவோட மல்லுக்கட்டறவன். அந்த வாதம் எனக்குப் புரியுது. ஆறு ரவுண்ட் ரொம்பச் சின்ன சாம்பிள். டேலியோட கிண்ணம் மாதிரி ஒரு சத்தம் போதும், ரிசல்ட்டே மாறிடும்.

ஆனா அந்தக் கணக்குல ஒரு செலவு விட்டுப் போச்சு. ஒரு வருஷம் ஆடி நிரூபிக்கணும்னா, ஒரு வருஷம் ஆட கையில காசு இருக்கணும். இரண்டாம் நிலை டூர்ல பரிசு கம்மி, பயணச் செலவு அதே. பின்னாடி குடும்பமோ ஸ்பான்சரோ இருக்கறவன் ரெண்டு மூணு சீசன் தாக்குப் பிடிப்பான். இல்லாதவனுக்கு ஒரு வாரம்தான் கட்டுப்படி ஆகும், அதையும் கடன் வாங்கித்தான் ஆடுவான். துல்லியமான தேர்வு வேணும்னு பரீட்சையை நீளமாக்கும்போது, பரீட்சை எழுதற செலவும் நீளுது. நம்ம பக்கத்துல இதே கதை நடக்குது, கவனிச்சீங்களா? ஒரு நாள் இண்டர்வியூவுல ஆளை எடை போட முடியாதுன்னு சொல்லி, ஆறு மாசம் சம்பளமில்லா இண்டர்ன்ஷிப் வைக்கறாங்க. ஆறு மாசம் சம்பளம் இல்லாம சென்னையில வாடகை கட்ட யாரால முடியுமோ அவங்கதான் அதுல இருப்பாங்க. மத்தவங்க திறமை கம்மின்னு விலகல, வாடகை தேதி வந்ததால விலகினாங்க.

2023-ல பிஜிஏ டூர் அந்த வாசலைக் கொஞ்சமாத் திறந்துச்சு. இறுதிச் சுற்றுல முதல் அஞ்சு இடத்துக்கு நேரடி கார்டு. முதல்ல அஞ்சாவது இடத்துல டை ஆனவங்களுக்கும் சேர்த்துக் குடுத்தாங்க. அப்புறம் அதையும் நிறுத்தி அஞ்சே அஞ்சுன்னு ஆக்கிட்டாங்க. அஞ்சாவது இடத்துல ரெண்டு பேர் நின்னா, அங்கேயே பிளேஆஃப் ஆடணும். 108 குழி காலத்துல பல வருஷம் இருபத்தஞ்சு, முப்பது கார்டுக்கு மேலயே குடுத்துக்கிட்டிருந்த வாசல் அது.

திங்கட்கிழமைத் தகுதிப் போட்டின்னு சொன்னேனே, அது இன்னும் முழுசா சாகல. நிறைய போட்டிகள்ல நாலு இடம் மாதிரி ஒதுக்கி வச்சிருந்தாங்க. சமீபமா அதையும் குறைக்கறாங்க. அந்த நாலு இடத்தால என்ன நடக்கும்னு காட்ட ஒரு வாரம் இருக்கு. அர்ஜுன் அத்வால் கதையைப் பாதியில விட்டேன் இல்ல, அவர்தான்.

2003-ல கார்டு வாங்கினார். 2010-ல வயசு 37. தோள்பட்டையில காயம், மாசக்கணக்கா ஆட முடியல. காயத்துக்காகக் குடுத்த கூடுதல் அவகாசத்துலயும் போதுமான பணம் சேரல. ஜூலையில கார்டு போச்சு. ஏழு வருஷம் முன்னாடி இந்தியாவுலேர்ந்து முதல் ஆளா உள்ள நுழைஞ்சவர், மறுபடி வெளியே. ஆகஸ்ட் மாசம் வட கரோலினாவுல, கிரீன்ஸ்பரோவுல விண்டம் சாம்பியன்ஷிப். ஆட அவருக்கு உரிமை இல்ல. திங்கட்கிழமை வரிசையில நின்னார், தகுதிப் போட்டியைத் தாண்டினார்.

வியாழக்கிழமை முதல் ரவுண்ட்ல 61. கோல்ஃப் தெரியாதவங்களுக்கு: அது ஒரு ஆளோட வாழ்க்கையில ஒண்ணு ரெண்டு தடவை வந்தாலே பெரிசு. அடுத்த ரவுண்ட்கள் 67, 65. ஞாயித்துக்கிழமை, ஆகஸ்ட் 22. கூட மோதறது டேவிட் டாம்ஸ், ஏற்கனவே மேஜர் பட்டம் ஜெயிச்சவர். கடைசிக் குழி வரைக்கும் இழுத்துச்சு. அங்க பார் எடுத்தா ஜெயிக்கலாம்னு நிலைமை, உள்ள தள்ள வேண்டிய பந்து சில அடி தூரத்துல இருக்கு. தள்ளினார். உள்ளே போச்சு, உள்ளேயே இருந்துச்சு. மொத்தம் 260, டாம்ஸைவிட ஒண்ணு கம்மி.

பிஜிஏ டூர் போட்டியை ஜெயிச்ச முதல் இந்தியர். திங்கட்கிழமை வரிசையிலேர்ந்து வந்து பட்டம் அடிச்சது 1986-க்கு அப்புறம் அவர்தான் முதல் ஆள். திங்கக்கிழமை காலையில கார்டு இல்ல. ஞாயிறு சாயங்காலம் ரெண்டு வருஷத்துக்கு மேல கார்டு கையில.

"அப்போ கேடிக்கு 10 பர்சன்ட் குடுத்திருப்பாரு இல்ல?"ன்னு அண்ணன் கேக்கறார். (சிரிப்பு.) வழக்கப்படின்னா குடுத்திருக்கணும் அண்ணா.