எட்டாம் வகுப்புக்குப் பின் எங்கே?

(மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஒருநாள்தான் நமக்கு ஓய்வு. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் நம் தமிழும் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, தாராவியில் தோல் பதனிட்டும் மூட்டை சுமந்தும் இட்லி விற்றும் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் முதல் எழுத்தை எழுதியது இந்தப் பள்ளிகளில்தான். புத்தகம் உண்டு, சீருடை உண்டு, மதிய உணவு உண்டு, கட்டணம் இல்லை. இவற்றைக் குறைத்துப் பேச நாம் இங்கே கூடவில்லை.

ஆனால் இந்தத் தமிழ்ப் பள்ளிகளில் பல ஏழாம் வகுப்போடோ எட்டாம் வகுப்போடோ நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் விடை சட்டத்தில் இருக்கிறது. 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் தொடக்கக் கல்வியை மட்டுமே மாநகராட்சியின் கட்டாயக் கடமை ஆக்கியது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டமோ 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடிய, உரிமை தந்தது. தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அதிலும் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. சட்டம் எந்த வகுப்போடு கையை விரிக்கிறதோ, அதே வகுப்போடு நம் பிள்ளையின் தமிழ்ப் படிப்பும் முடிந்துபோகிறது.

அதற்குப் பிறகு நடப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். எட்டாம் வகுப்பு வரை கணக்கில் முதலாவதாக வந்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தாள். செங்கோண முக்கோணத்தில் கர்ணம் எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். அங்கே 'ஹைபாட்டனியூஸ்' என்றார்கள், விழித்தாள். கடைசி பெஞ்சுக்குப் போனாள், மதிப்பெண் விழுந்தது, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவே இல்லை. இன்று வீட்டில் உட்கார்ந்து துணிக்குப் பொத்தான் தைக்கிறாள். மராத்தியில் கூட அந்தக் கோட்டுக்குப் பெயர் 'கர்ண' என்பதுதான்! கணக்கு தெரிந்த பிள்ளையைச் சொல் தெரியவில்லை என்று தோற்கடித்தோம். இதற்குத்தான் 'தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மக்கு' என்று பெயர் வைக்கிறார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கடன் வாங்கிப் பையனைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறோம்; பெண்ணுக்கு மாநகராட்சிப் பள்ளி போதும் என்கிறோம். சங்கமும் சளைத்ததல்ல. பொங்கல் விழாவுக்குப் பந்தலும் மாலையும் வாங்கப் பணம் இருந்தது. மாலை நேர வகுப்பு நடத்த இடம் கிடைக்கவில்லை என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி என்ன கேட்பது? எட்டாம் வகுப்பு உள்ள ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியிலும் ஒன்பதும் பத்தும் திறக்க வேண்டும். அது நிறைவேற ஆண்டுகள் ஆகலாம். இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே மராத்திப் பள்ளிகளில் உள்ள 'செமி இங்கிலீஷ்' முறையைப் பாருங்கள். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில், மற்றப் பாடங்கள் மராத்தியில். ஆறாம் வகுப்பிலிருந்தே நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தால், ஒன்பதாம் வகுப்பில் விழிக்க மாட்டார்கள்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. அதே 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறோம். அம்மா, அக்கா, அடுத்த கூட்டத்தில் கையெழுத்துக்கு முன்னால் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் கோரிக்கை அதில் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

வாசலருகே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஏழு, எட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெயரையும் பள்ளியையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். மாலை வகுப்பு வருகிற திங்கட்கிழமை ஏழு மணிக்குச் சங்க அறையில் தொடங்குகிறது.