அயலும் நாயும்

குரைக்கிற நாய் கடியாது என்பது பழமொழி. கடியாவிடினும், அயலாரின் உறக்கத்தைக் குதறிவிடுகிறதே, நேயர்களே!

மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாயின் செவி 40,000இற்கும் மேலே கேட்கும். ஆகவே, படலையோரம் சங்கிலியிற் கட்டுண்ட நாய்க்கு, மனிதர் கேளாத ஓசையும் எச்சரிக்கையாகிறது. அதனை வளவின் பின்புறத்துக்கு மாற்றுதலும், மாலையில் நடத்திச் செல்லுதலும் நன்று. அடித்தால் அச்சம் வளரும், குரைப்பும் வளரும்.

அயலவர் கல்லெறிதல் தீர்வன்று, நஞ்சிடுதல் குற்றம். குரைக்கும் நேரங்களைச் சில நாட்கள் குறித்துவைத்து, பகலில் அமைதியாக எடுத்துரைத்தலே முறை. அதனாலும் முடியாவிடின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம்.

வீட்டைக் காப்பதற்கே நாய் வளர்க்கப்படுகிறது. நள்ளிரவில் ஆபத்து நேரின் முதலில் ஓடிவருபவர் அயலவர். அவரைப் பகைத்தபின் நாய் மட்டும் வீட்டைக் காக்குமா?