சிங்கமலைச் சுரங்கம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே உள்ள சிங்கமலைச் சுரங்கத்தை அறியாதார் இச்சபையில் இரார். பூல்பேங்க் சுரங்கம் என்றும் அதனை அழைப்பர். அதன் நீளம் ஏறத்தாழ 562 மீற்றர், அதாவது 1,844 அடி. மலைநாட்டுப் பாதையில் அதனினும் நீண்ட சுரங்கம் வேறில்லை. அதன் சரித்திரத்தை நாம் சற்றே சிந்திப்போமாக.

மலையை ஏன் குடைந்தார்கள்? கோச்சி ஆட்டைப்போல் மலையேறாது. 44 அடி ஓடி ஓரடி உயர்வதே இப்பாதையின் மிகக் கடுமையான ஏற்றம். ஆகவே தண்டவாளம் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறிற்று. முகடு குறுக்கிட்ட இடத்தில் அதனைக் குடைந்து சென்றது.

புகையிரதம் 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு விரைவாக அனுப்பவே தோட்டத் துரைமார் அதனைக் கேட்டனர். ஆனால் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டே வந்தது. 1884இல் அட்டனுக்கும், சுரங்கத்துக்கு அப்பால் 1885இல் நானுஓயாவுக்கும் பாதை திறக்கப்பட்டபோது கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கோப்பிக்காகக் கேட்ட பாதை தேயிலைப் பெட்டிகளைச் சுமக்கலாயிற்று.

மிஷன் பாடசாலையில் பயின்ற நாங்கள் ஜோர்ஜ் ஸ்டீவன்சனின் பெயரை மனனம் செய்தோம். அறியவேண்டிய பெயர்தான். ஆயினும் தென்னிந்தியாவிலிருந்து வந்து, இந்த மலைநாட்டில் பாதை அமைக்க மண்வெட்டியும் கூடையும் ஏந்திய தொழிலாளருள் ஒருவர் பெயரையேனும் எங்கள் பாடப் புத்தகத்தில் நாங்கள் கண்டதில்லை.

பின்னர் நடந்ததைப் பெரியோர் அறிவீர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்திலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியவர்கள் இந்தச் சுரங்கத்தைக் கடந்தே சென்றார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். வழியனுப்ப வந்தோரும் போவோரும் கதறியழுத அந்த வண்டியை நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பாதை அமைக்க வந்த மக்களின் சந்ததியாரை அப்பாதையே கொண்டுபோயிற்று. இதனைவிடக் கொடிய விந்தை உண்டோ?

பெரியோர்களே, உங்களிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் பாட்டன் பாட்டியின் பெயர் யாது? எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தார்கள்? உங்கள் உறவினருள் யார் யார் அந்தக் கோச்சியில் போனார்கள்? தயைகூர்ந்து எங்களுக்குச் சொல்லுங்கள். வாலிப நண்பர்களே, நாம் ஒவ்வொருவரும் முதலில் நமது வீட்டுக் கதையை ஒரு கொப்பியில் எழுதிவைப்போம். அடுத்த வீட்டுக் கதையையும் கேட்டு எழுதுவோம். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும். குடைந்த சுரங்கம் நூறாண்டுக்கு மேலும் நிற்கிறது. சொல்லாமல் விட்ட பெயர் ஒரு தலைமுறைக்குமேல் நில்லாது.