சொல்லிக் கொடுத்தலும் கற்பித்தலும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தொழில் செய்யுமிடத்தில் தலைமை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். தலைமை என்றதும் மேடையும் மாலையும் பலருக்கு நினைவில் வரும். நாம் பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. ஒரு கந்தோரிலோ பட்டறையிலோ கடையிலோ நேற்றுவரை பத்துப்பேரில் ஒருவனாக இருந்தவன் இன்று மற்ற ஒன்பதுபேருக்கும் மேலாளாக நியமிக்கப்படுகிறானே, அவனுடைய தலைமையே நமது பொருள்.

நாம் இலிகிதராகச் சேர்ந்த கந்தோரில் பெரியவர் ஒருவர் இருந்தார். எந்தப் பழைய கோவை எந்த அலுமாரியில், எந்தத் தட்டில் கிடக்கிறதென்பது அவர் ஒருவருக்கே தெரியும். கேட்டால் எடுத்துத் தருவார். எப்படி எடுத்தாரென்று சொல்லமாட்டார். அவர் நோயுற்று மூன்று மாதம் வராதிருந்தபோது, கணவரை இழந்த அம்மா ஒருவர் ஓய்வூதியக் காரியமாக ஏழெட்டு முறை வந்து, வாங்கிலே காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். கோவை கந்தோருக்குள்ளேதான் இருந்தது. அதை எடுக்கத் தெரிந்தவர் வீட்டிலே படுத்திருந்தார்.

அப்பெரியவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பிற்காலத்தில் அதே கதிரையில் நாம் இருந்தபோது, புதிதாக வந்த தம்பி ஒருவருக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் முறையை ஐந்து நிமிடத்திற் சொல்லி முடித்தோம். "விளங்கியதா?" என்றோம். "ஓம் சேர்" என்றார். பட்டியல் பிழையாக வந்தது. எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக ஏசினோம். விளங்கவில்லை என்பதை அவர் முகம் அன்றே காட்டியது. அதைப் பார்க்க நமக்கு நேரமிருக்கவில்லை.

நாம் சொன்னோம், கற்பிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பெரிய நாடே உணரவேண்டி வந்த வரலாறு ஒன்றுண்டு. இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்சாலைகளிற் கப்பல், விமானம் முதலியவற்றின் உற்பத்தி பன்மடங்கு பெருகியது. கைதேர்ந்த தொழிலாளர் பலர் படைக்குப் போக, யந்திரத்தின் அருகிற் சென்றறியாத பெண்களும் கமக்காரரும் அவர்களுடைய இடத்துக்கு வந்தனர். கெட்டிக்காரத் தொழிலாளி ஒரே நாளில் மேற்பார்வையாளனானான். அவனுக்கு வேலை தெரியும். வேலையை இன்னொருவனுக்குக் கற்பிக்கத் தெரியாது. இக்குறையைப் போக்க அந்நாட்டு அரசாங்கம் 1940 ஓகஸ்டில் "தொழிலகத்துள் பயிற்சி" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 1945 இல் அது முடியுமுன் 16,000 இற்கு மேற்பட்ட தொழிலகங்களைச் சேர்ந்த 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதிற் பயிற்சி பெற்றனர்.

பயிற்சி நீண்டதன்று. இரண்டு மணித்தியால வகுப்புகள் ஐந்து, அவ்வளவே. முதல் வகுப்பிற் செய்துகாட்டப்பட்டது ஒரு முடிச்சு. தொங்கும் மின்விளக்கின் கம்பி இழுபட்டுக் கழன்றுவிடாதிருக்க அதன் இரு இழைகளையும் பிணைத்துப் போடும் முடிச்சு அது. ஆசிரியர் ஒருவரை அழைத்து, முடிச்சுப் போடும் விதத்தை வாயாற் சொல்லுவார்; அவர் கையிற் சிக்கல்தான் மிஞ்சும். வேறொருவரை அழைத்து, பேசாமற் செய்துகாட்டுவார், அவருக்கும் வராது. பின்பு மூன்றாமவருக்கு முறைப்படி கற்பிப்பார், அவர் போட்டுவிடுவார். ஐந்து நிமிடத்திற் சம்பளப் பட்டியல் "கற்பித்த" நமக்கு, இதை வாசித்தபோது யாரோ காதைப் பிடித்துத் திருகியது போலிருந்தது.

அந்த முறைக்கு நான்கு படிகள். முதலாம் யுத்த காலத்திற் கப்பல் கட்டுவோரைப் பயிற்றச் சாள்ஸ் அலன் என்பவர் வகுத்தவை அவை. முதலிற் கற்பவனின் அச்சத்தை நீக்கி, அவனுக்கு முன்பே தெரிந்தது எவ்வளவு என்று அறியவேண்டும். அடுத்து, ஒவ்வொரு கட்டமாகச் சொல்லியும் செய்தும் காட்டவேண்டும். மூன்றாவதாக, அவனையே செய்யவிட்டு, எதற்காக அப்படிச் செய்கிறானென்று அவன் வாயாற் சொல்லவைக்கவேண்டும். கடைசியாக, தனியே செய்யவிட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போகவேண்டுமென்று காட்டி, இடையிடையே போய்ப் பார்க்கவேண்டும். நாம் முதலாம் படியையும் கடைசிப் படியையும் என்றுமே ஏறியதில்லை.

இங்கே பெரியோர் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. கற்பிக்கப் போகுமுன் மேற்பார்வையாளன் தன் வேலையைக் கட்டங்கட்டமாக ஒரு தாளில் எழுதவேண்டுமென்பது அத்திட்டத்தின் விதி. எந்த இடத்திற் பிழைத்தால் வேலை கெடும், எந்த இடத்திற் காயம் படும் என்பதையும் குறிக்கவேண்டும். இருபது வருடம் செய்த வேலையை எழுத உட்கார்ந்து பாருங்கள், பேனை நின்றுவிடும். கை அறிந்த பலவற்றை நாம் அறியாதிருந்தது அப்போதுதான் புலப்படும். சில கட்டங்கள் தேவையே இல்லையென்பதும் வெளிப்படும். உத்தியோகம் பார்க்கும் ஒருவர் படிப்பைத் தொடர்வதற்குப் புதிய பட்டம்தான் வேண்டுமென்பதில்லை. இந்தத் தாளும் ஒரு படிப்பே.

யுத்தத்தின்பின் அமெரிக்கத் தொழிலகங்கள் இம்முறையைப் பெரும்பாலும் மறந்தன. தோல்வியுற்றிருந்த யப்பான் அதை ஏற்றுக்கொண்டது. 1950 களில் ரொயோட்டா மோட்டார்க் கம்பனியும் அதைத் தன் மேற்பார்வையாளருக்குப் பயிற்றியது. அக்கம்பனி பின்னர் பெற்ற புகழை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

"எல்லாம் கற்பித்துவிட்டால் நம்மை யார் மதிப்பார்?" என்று சிலர் கேட்பர். அந்தப் பயம் பொய்யன்று. கற்பிப்பதற்கு நேரமும் தராமல், கற்பித்தவனை முதலில் வீட்டுக்கு அனுப்பும் முதலாளிமாரும் உளர். அங்கே குற்றம் தொழிலாளியுடையதன்று. ஆனால் நாம் கண்டதையும் சொல்லவேண்டும். நமது கந்தோருக்குக் கணினி வந்தபோது நமக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. சுட்டியைத் தொடவே கூச்சமாயிருந்தது. நாம் ஏசிய அதே தம்பிதான் பக்கத்திற் கதிரை போட்டு இருந்தார். தாம் செய்துகாட்டியபின் சுட்டியை நமது கையில் வைத்தார். மறுநாளும் வந்து, "சேர், நேற்றையதை ஒருக்கால் செய்து காட்டுங்கோ" என்றார். அந்த நான்கு படிகளையும் அவர் எங்கும் படித்தவரல்லர். ஏச்சு வாங்கியவருக்கு, ஏசாமற் கற்பிப்பது எப்படியென்று தெரிந்திருந்தது. பழைய சம்பவத்துக்காக அவரிடம் வருத்தம் தெரிவிக்க நமக்கு இன்னும் இரண்டு வருடம் சென்றது.

இனி நமது சங்கத்துக்கு வருவோம். நூலகப் பதிவேடு ஒருவர் கையில். மலருக்கு விளம்பரம் சேர்க்கும் வழி ஒருவருக்கே தெரியும். கணக்கேடோ பல வருடமாகப் பொருளாளர் ஐயாவின் பொறுப்பு. அவர் இல்லாவிட்டால் ஒரு வரி எழுத நம்மில் யாராலும் இயலாது. ஆளுக்கு ஒரு இளைஞரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளும்படி இவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இளைஞர்களே, விளங்காதபோது "ஓம்" சொல்லாதீர்கள். "இன்னொருமுறை காட்டுங்கோ" என்று கேளுங்கள்.

பொருளாளர் ஐயா தலையசைக்கிறார். நல்லது. அடுத்த கூட்டத்துக்கு அவர் கணக்கேட்டைக் கொண்டுவரட்டும். நாம் அந்த முடிச்சுக்கு இரண்டு முழ மின்கம்பி கொண்டுவருகிறோம்.