வட்டாரத் திட்டமிடலும் பள்ளிக்கரணைக் கழுவெளியும்

 

நிலத்தை அதன் இயல்பறிந்து பகுத்துக் காண்பது தமிழர்க்குப் பழகிய நெறி. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது; ஆங்கு வாழும் மரம், புள், விலங்கு முதலியவற்றையும் அந்நிலத்துத் தொழிலையும் கருப்பொருள் என்றது. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார், நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகிறார். நிலத்தின் சரிவை அறிந்த பின்னரே செயலில் இறங்குக என்பது அவ்வறிவுரையின் உட்கிடை. இன்று வட்டாரத் திட்டமிடல் எனப்படுவதன் தொடக்கமும் இதுவே.

வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நிலைபேறுடைய வளர்ச்சி என்னும் கருத்தை, புருண்ட்லாந்து அம்மையார் தலைமையிலான ஆணையம் 1987இல் உலகின் முன் வைத்தது. இக்கருத்து நடைமுறையில் படும் பாட்டை அறியச் சென்னையின் தென்புறத்துப் பள்ளிக்கரணையே போதும்.

கழுவெளியின் இயல்பு

கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய பல ஏரிகள் ஒன்று நிறைந்து மற்றொன்றுக்கு நீர் விடும் சங்கிலித் தொடராக அமைந்தவை. அவற்றின் கலங்கல் வழியே வழியும் மழைநீர் இக்கழுவெளியில் தங்குகிறது. பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுவதும், நிலத்தடி நீரைப் பெருக்குவதும், பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இரை தருவதும் இதன் பணிகள். இவ்வளவு பணி செய்யும் நிலம் பயனற்ற தரிசு எனக் கருதப்பட்டது. நகரின் குப்பை பெருங்குடியில் கொட்டப்பட்டது. சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன.

காவலும் அதன் குறையும்

2007இல் கழுவெளியின் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தளம் என்னும் பன்னாட்டு ஏற்பைப் பெற்றது. இவை போற்றத்தக்க செயல்கள். எனினும், கழுவெளிக்கு எல்லைக்கல் நடலாம். அதற்கு வரும் நீருக்கு எல்லைக்கல் நட இயலுமா? மேலேயுள்ள ஏரி தூர்ந்தால் வெள்ளம் விரைந்து வரும். வரத்துக்கால் அடைபட்டால் வீதியில் பாயும். மடுவு குறுகினால் வெளியேற வழியின்றித் தேங்கும். காப்புக் காடு வனத்துறையிடமும், ஏரி நீர்வளத்துறையிடமும், குப்பை மாநகராட்சியிடமும், கட்டட ஒப்புதல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் உள்ளன. நீரோ துறை பார்த்து ஓடுவதில்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது. வேளச்சேரியும் அதன் சுற்றுப்புறமும் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே துயர் நேர்ந்தது. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களுக்குச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியிருப்பு தரப்பட்டது. வெள்ளத்துக்கு அஞ்சி இடம் மாற்றப்பட்டவர்கள் தாழ்நிலத்திலேயே மீண்டும் குடியமர்த்தப்பட்டனர். இயற்கைக்கு இழைக்கும் பிழையின் சுமை முதலில் எளியோர் தோள் மீதே ஏறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

செய்யத்தக்கன

பெருகும் மக்களுக்கு வீடும் தொழிலும் வேண்டாவா என்று வினவுவோர் உண்டு. வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயின், கட்டலாமா என்பதற்கு முன் எங்குக் கட்டலாம் என்று கேட்பதே திட்டமிடல். சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்த 2022இல் ஆணை பிறந்தது. புதிதாக இணையும் ஊர்களில் ஏரிகள் பல உள்ளன. அங்கு நீர்வழிப் படம் முதலில் வரையப்படுதல் வேண்டும். சாலைப் படமும் மனைப் படமும் அதன்மேல் அமைதல் வேண்டும். வருவாய்க் கிராம எல்லையை விடுத்து, நீர்ப்பிடிப்பு எல்லையே திட்டத்தின் அலகாக வேண்டும். ஏரியின் போக்கை வழிவழியாக அறிந்த உழவரும் மீனவரும் திட்டக் குழுவில் இடம்பெற வேண்டும்.

மாம்பலத்து நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு நகரானது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘ஏரிக் காட்சிச் சாலை’ என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர் கொண்ட தெரு உண்டு; காண்பதற்கு ஏரிதான் இல்லை. பள்ளிக்கரணையும் வருங்காலத்தில் பெயரளவில் மட்டும் எஞ்சிவிடாமல் காப்பது இத்தலைமுறையின் கடன்.