ஓடும் கால்களுக்கு ஒரு கைப்பிடி எண்ணெய்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பேச இங்கே அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் ஓட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறவன். நாட்டில் காலைப் பிடித்து முன்னுக்கு வந்தவர்கள் பலர் உண்டு. நான் அதையே தொழிலாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்!

1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே போட்டியில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரில் ஜெகதீசன் ஏற்படுத்திய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அவர் ஒரு மருத்துவர் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடத் தெரிந்தால் போதாது, உடம்பையும் அறிய வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். பதினோரு வயதில் அஞ்சலோட்டத்தில் கடைசி ஆள் நான். மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. எங்கள் லயத்துப் பக்கம் சுளுக்கு வழிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். "ரெண்டு வழி வழிச்சா சரியாப் போயிரும்" என்றார். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, அன்று மாலையே இழுத்து உருவினார். நான் போட்ட கூச்சல் அடுத்த டிவிஷனுக்கே கேட்டிருக்கும். விடிந்தால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அப்பா பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள்: எலும்பில் கீறல். மாவுக்கட்டு ஆறு வாரம். அந்தப் போட்டியைப் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களின் முதுகுப் பிடிப்புக்கு அவர் கையில் உண்மையான வித்தை இருந்தது. ஆனால் புதிதாக அடிபட்ட இடத்தை உருவக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஏன் கூடாது? அடிபட்டவுடன் உள்ளே சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் கிழிந்திருக்கும். உருவினாலும் சூடு வைத்தாலும் இரத்தம் இன்னும் கசியும், வீக்கம் ஏறும். பந்து விளையாடி முட்டி பட்ட தொடையை அழுத்தி உருவினால், சில சமயம் அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் ஓரம் இளசு. நாம் சுளுக்கு என்று நினைப்பது அங்கே முறிவாக இருக்கலாம்.

ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெயும் வேண்டாம், கோடாலித் தைலமும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். (ஐஸ் வாங்கக் காசு கொடுத்தால் ஐஸ் கச்சாங் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு!) சில மணி நேரம் கழித்து மறுபடியும் வையுங்கள். துணி கட்டி, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். நாலு அடி நடக்க முடியவில்லை, அல்லது எலும்பைத் தொட்டாலே பிள்ளை துடிக்கிறது என்றால், அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கப் போய்விட வேண்டும். ஒரு நாள் சம்பளம் போவது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்படியானால் பிடித்துவிடுவது எதற்கு? கடும் பயிற்சிக்கு மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் இறுகி வலிக்குமே, அதற்கு. 'இலாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம்' என்று சிலர் சொல்வார்கள். அது ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்திற்குள் தானே போய்விடும். நம் கைக்கு அங்கே வேலை இல்லை. பிடித்துவிட்டால் வேகம் கூடும் என்றும் நம்பாதீர்கள். ஆராய்ந்தவர்கள் கண்டது, வலி கொஞ்சம் குறைகிறது, தசை கொஞ்சம் இளகுகிறது என்பதுதான். நானும் கையால் கண்டது அதுவே. ஓடிக் களைத்த பிள்ளைக்கு அது சின்ன உதவியல்ல.

செய்வது எளிது. பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கி மெதுவாக நீவுங்கள். பிறகு முழங்காலுக்கு மேலே தொடை. எப்போதும் கீழிருந்து மேல். முழங்காலின் பின் குழியை அழுத்தாதீர்கள். காலுக்குப் பத்து நிமிடம் போதும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு அழுத்துவது வீரமில்லை. பிள்ளை முகம் சுளித்தால் கையை இலேசாக்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடவே வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். ஓட்டத்திற்குச் சற்று முன் ஆழமாக அழுத்தவும் கூடாது, கால் தளர்ந்துபோகும். அப்போது மெல்ல ஓடிச் சூடேற்றிக்கொண்டால் போதும்.

இன்னொன்று. பெண் பிள்ளைகளுக்கு அம்மாவோ அக்காவோ செய்யட்டும். யார் பிடித்துவிட்டாலும், நானே ஆனாலும், பெற்றோர் பக்கத்தில் இருங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பரிசளிப்பு முடிந்ததும் திடலோரம் மரத்தடியில் இருப்பேன். அஞ்சலோட்டப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பழைய துண்டோடு வாருங்கள், செய்து காட்டுகிறேன். எண்ணெய் என்னிடம் இருக்கிறது.